பாரிஸிலிருந்து திரும்பிய பிறகு

(நார்த்தாமலையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளை என்பது இந்த மலைக்குப் புதிய செய்தி அல்ல. மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே இரண்டு குடைவரைகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் சிறியது பழியிலி ஈச்சரம். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி அதைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு முன்னால் முகமண்டபம் எழுப்பி, இடபமும் பலிபீடமும் செய்துவைத்தாள். மண்டபம் இன்று இல்லை. பூதகணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட அடித்தளம் மட்டும் நிற்கிறது. தகப்பன் தொடங்கியதை மகள் நிறைவேற்றினாள், அதைத் தன் பெயரிலேயே கல்லில் வெட்டுவித்தாள். ஒரு பெண் தன் பெயரால் நிலைத்த அறம் செய்த இடத்தில் நின்று இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அறக்கட்டளைக் குழுவினர் எனக்குக் கொடுத்த பொருள், அயல்நாட்டு மாநாடுகளும் நம் பிள்ளைகளும் என்பது. காரணம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது இளைஞர் உச்சிமாநாடு, அறிவியல் மாநாடு, பருவநிலை மாநாடு என்று வெளிநாடு போய்வரத் தொடங்கியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்க அலைந்து, விசாவுக்குக் காத்துக்கிடந்து, கடன் வாங்கிப் போய்வருகிறார்கள். போய்வந்த பிள்ளையைக் கேட்டால் முகம் மலரச் சொல்கிறது: "எவ்வளவு பெரிய மனிதர்களைப் பார்த்தேன் தெரியுமா!" அந்த மலர்ச்சியை நான் மதிக்கிறேன். நானும் சில மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். பெயரைப் புத்தக அட்டையில் மட்டுமே பார்த்திருந்த ஒருவர் தேநீர்க் கோப்பையோடு நம் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும் கணம் சாதாரணமானதல்ல. ஆனால் அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் வைத்திருந்தோம், ஊர் திரும்பியபின் அந்தப் பதில் என்ன ஆயிற்று என்பதில்தான் என் அக்கறை. அதைப் பேசப் புதுக்கோட்டைப் பெண் ஒருவரின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்விப்பணியில் இருந்தவர். தாய் சந்திரம்மாள், பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். இந்தப் பிறப்பை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சில ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அப்படிக் கடந்துவிடக் கூடாது. பின்னால் அவர் சட்டமன்றத்தில் எதைக் கையிலெடுத்தார் என்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பள்ளிப்படிப்பு முடிந்து மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த திருமணம் அது.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். முதலில் அது வயிற்றுக்கடுப்பு என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் இரண்டு மருத்துவர்கள் இருந்தும் ஒரு தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை அன்றைய சென்னை மாகாணம் முழுவதிலும் இல்லை.

இந்தத் துயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் 1925இல் கப்பலேறினார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற அரசு உதவித்தொகை கிடைத்திருந்தது. கணவரும் பிள்ளைகளும் உடன் போனார்கள். லண்டன் செல்சி மகளிர் மருத்துவமனையில் பயிற்சி. அதே நகரில் ஃபுல்ஹாம் சாலையில் இருந்த புற்றுநோய் மருத்துவமனையையும் பார்த்தார். அதன் வரலாறு கேட்கத் தக்கது. வில்லியம் மார்ஸ்டன் என்ற அறுவை மருத்துவரின் மனைவி 1846இல் புற்றுநோயில் இறந்தார். மார்ஸ்டன் 1851இல் ஏழைகளுக்காக இலவசப் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். அதுவே வளர்ந்து பின்னாளில் ராயல் புற்றுநோய் மருத்துவமனை ஆயிற்று. மனைவியை இழந்த ஒருவர் கட்டிய மருத்துவமனைக்குள் தங்கையை இழந்த ஒருவர் நுழைகிறார். அங்கேதான் நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற உறுதி அவருக்குள் விழுந்தது.

அடுத்த ஆண்டு பாரிஸ். 1926 மே 30 முதல் ஜூன் 6 வரை சோர்போன் பல்கலைக்கழகத்தில் பெண்கள் வாக்குரிமைக்கான சர்வதேசக் கூட்டணியின் பத்தாவது மாநாடு நடந்தது. இந்தியப் பெண்களின் பிரதிநிதியாக முத்துலட்சுமி அதில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கூடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் உலகப்போர் முடிந்து எட்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஒருவர் பிள்ளையை ஒருவர் பிள்ளை கொன்ற நாடுகளின் பெண்கள், பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும், ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். எகிப்திலிருந்து ஹுதா ஷாராவி வந்திருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கூட்டணியின் ரோம் மாநாட்டிலிருந்து திரும்பியதும் கெய்ரோ ரயில் நிலையத்தில் எல்லார் முன்னிலையிலும் முகத்திரையை விலக்கியவர் அவர். தலைமை நாற்காலியில் இங்கிலாந்தின் மார்ஜரி கார்பெட் ஆஷ்பி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் பலமுறை போட்டியிட்டு ஒருமுறைகூட வெல்லாதவர். 1918இல் அவர் தோற்றது, பின்னாளில் பிரதமராக வந்த நெவில் சேம்பர்லினிடம். தோற்றவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1923 முதல் 1946 வரை இருபத்துமூன்று ஆண்டுகள் இந்தக் கூட்டணியின் தலைவராக இருந்தார்.

இப்போது மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று. மாநாட்டை நடத்திய பிரெஞ்சுப் பெண்களுக்கு அன்று வாக்குரிமை கிடையாது. அவர்கள் அதற்கு 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசிய அளவில் 1971இல்தான் கிடைத்தது. பிரிட்டனிலேயே முப்பது வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு 1928 வரை வாக்கு இல்லை. ஆனால் முத்துலட்சுமி எங்கிருந்து போயிருந்தாரோ அந்தச் சென்னை மாகாணத்தில், சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு ஆண்களைப் போலவே 1921இல் வாக்குரிமை கிடைத்துவிட்டது. இந்திய மாகாணங்களில் அதை முதலில் தந்தது சென்னைதான். சொத்துத் தகுதி என்ற நிபந்தனையே பெரும்பாலான பெண்களை வெளியே நிறுத்திவிட்டது என்பது உண்மை. என்றாலும், அடிமைநாட்டிலிருந்து ஒரு பெண் கைகட்டிப் பாடம் கேட்கப் போனார் என்று யாராவது எண்ணினால் அது பிழை. அந்தக் கூடத்தில் அவரும் சொல்வதற்குச் செய்தி உள்ளவராகத்தான் உட்கார்ந்திருந்தார். நம் பிள்ளைகள் அயல்நாட்டு அவைக்குள் நுழையும்போது இதை நினைவில் கொண்டு நுழைய வேண்டும். எதிரே இருப்பவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பரிசு கொடுக்க உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். அவர்களும் பாதி வழியில் நிற்பவர்கள்.

அந்த மாநாட்டில் வாக்குரிமை மட்டும் பேசப்படவில்லை. திருமணமான பெண்ணின் குடியுரிமை, சம வேலைக்குச் சம ஊதியம், மணமாகாத தாயும் அவள் குழந்தையும், பெண்களை விலைப்பொருளாக்கும் வணிகம், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இல்லாத ஒரே ஒழுக்க அளவுகோல், இவையெல்லாம் பொருள்களாக இருந்தன. கூச்சலும் பிளவும் இருந்தன. அமெரிக்காவின் தேசியப் பெண்கள் கட்சி கூட்டணியில் சேர விண்ணப்பித்து மறுக்கப்பட்டது. பெண்தொழிலாளர்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டுமா, அல்லது அந்தப் பாதுகாப்பே அவர்கள் வேலையைப் பறிக்குமா என்ற வாதம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த வாதம் இன்றும் முடியவில்லை.

ஒரே ஒழுக்க அளவுகோல் என்ற பொருளில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஐரோப்பியப் பெண்களுக்கு அது விபசாரச் சட்டங்கள் பற்றிய விவாதம். அவற்றில் பெண்ணுக்குத் தண்டனை, வந்துபோகும் ஆணுக்கு ஒன்றும் இல்லை. முத்துலட்சுமிக்கோ அது தாய்வீட்டுச் செய்தி. நம் நாட்டில் அந்த இரட்டை அளவுகோல் கோயில் வாசலில், சடங்கோடு, பெற்றோர் சம்மதத்தோடு, நில மானியத்தோடு நடந்துகொண்டிருந்தது. தான் பிறந்த வீட்டிலிருந்தே அறிந்திருந்த ஒன்று உலக அவையில் பொதுப்பிரச்சினையாகப் பேசப்படுவதைக் கேட்பது ஒருவருக்கு எத்தகைய துணிவைத் தந்திருக்கும்! இது என் வாசிப்பு. ஆனால் அடுத்து நடந்தவை இந்த வாசிப்புக்குத் துணைநிற்கின்றன.

ஊர் திரும்பிய சில மாதங்களில் அவர் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவப் பணியை விட்டு அரசியலுக்குள் போக அவர் முதலில் தயங்கினார். இந்தியப் பெண்கள் சங்கத்தார் வற்புறுத்தினார்கள். 1917இல் அடையாறில் தொடங்கப்பட்டிருந்த சங்கம் அது. 1927 ஜனவரியில் அவையினர் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929இல் அறநிலையச் சட்டத் திருத்தம் வந்தது. கோயில் சேவைக்கென்று கட்டப்பட்டிருந்த மானிய நிலத்தை அந்தப் பெண்களே உரிமையாக வைத்துக்கொள்ள அது வழிசெய்தது. இந்த நுட்பத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வழக்கத்தை ஒழிக்கும்போது பிழைப்பையும் சேர்த்து ஒழித்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். 1930இல் பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் மசோதாவை வைத்தார். அதே ஆண்டு காந்தியடிகள் கைதுசெய்யப்பட்டபோது பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமானது 1947இல். பதினேழு ஆண்டுகள்.

இங்கே ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நியாயம் ஆகாது. அந்தக் குலத்துப் பெண்களில் ஒரு சாரார் இந்த மசோதாவை எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்கள் இசையும் நடனமும் சொத்துரிமையும் என்னாவது, எங்கள் எல்லாரையும் ஒரே பெயரால் இழிவுபடுத்துவது முறையா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. முத்துலட்சுமி அதை முழுதாகச் செவிமடுத்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறுபக்கம், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே குலத்திலிருந்து எழுந்து, காவிரிக்கரை ஊர்களில் தெருத்தெருவாகப் பொட்டுக்கட்டுதலை எதிர்த்துப் பேசினார். 1936இல் தம் அனுபவத்தை நாவலாகவும் எழுதினார். அம்மையார் பாரிஸ் போனதில்லை. ஆகவே பாரிஸிலிருந்து ஒரு கருத்து இறக்குமதி ஆகி இங்கே சட்டமாயிற்று என்று யாரும் எண்ண வேண்டாம். கருத்து இந்த மண்ணிலேயே இருந்தது, வலியும் இங்கேயே இருந்தது. மாநாடு செய்தது வேறு. தனியாகச் சுமந்த ஒன்றை உலகம் முழுவதும் பலர் சுமக்கிறார்கள் என்று காட்டியது. அதைச் சட்டத்தின் மொழியில் பேசலாம் என்று காட்டியது. முத்துலட்சுமிக்கு மேடையும் பதவியும் கிடைத்தன, ராமாமிர்தம் அம்மையாருக்குத் தெரு கிடைத்தது. இருவரும் சேர்ந்துதான் அந்தக் காரியம் முடிந்தது.

சட்டம் பேசிக்கொண்டிருந்தவரின் வீட்டுக்கே பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பிய இளம்பெண்கள் அடைக்கலம் தேடி வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியது அவ்வை இல்லம். 1931இல் லாகூரில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு அவர் தலைவர். 1933இல் மீண்டும் லண்டன் போய், இந்தியப் பெண்களின் வாக்குரிமைக்காக நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் ராஜ்குமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோரோடு சாட்சியம் அளித்தார். அதே ஆண்டு சிகாகோவில் கூடிய பெண்கள் மாநாட்டிலும் இருந்தார்.

தங்கையின் கதைக்கு வருகிறேன். 1925இல் லண்டனில் எடுத்த உறுதி என்ன ஆயிற்று? 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். பலன் இல்லை. போர் வந்தது, விடுதலை வந்தது. 1949இல் இந்தியப் பெண்கள் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, கையேந்திப் பணம் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நம் மாவட்டத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் கடைசி நம்பிக்கையாக அடையாறுக்கு ரயிலேறியிருக்கின்றன! அவர்களில் சிலர் இந்த அவையிலேயே இருப்பீர்கள். லண்டனில் அவர் பார்த்த மருத்துவமனைக்கு, நிறுவியவர் நினைவாக ராயல் மார்ஸ்டன் என்று பெயர் மாற்றப்பட்டதும் அதே 1954இல்தான்.

ஓர் எண்ணம் லண்டனில் பிறந்து அடையாறில் கட்டடமாக எழ இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. மாநாடுகளைப் பற்றிய பேச்சில் இந்த இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கேயும் வருவதில்லை. நம் முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில் தேர் நகரும் நேரத்தில் வடம்பிடிக்க ஆயிரம் கைகள் வரும். தேர் நிலைக்கு வந்தபின் முட்டுக்கட்டை எடுத்துவைத்து, வடத்தைச் சுருட்டி, அச்சுக்கு எண்ணெய் போடுபவர்கள் சிலரே. மாநாட்டிலிருந்து திரும்பியவருக்கு வேண்டியது அந்தச் சிலர். முத்துலட்சுமிக்கு அவர்கள் இருந்தார்கள். வற்புறுத்திப் பதவியில் அமர்த்தவும், கூடவே உண்டியல் ஏந்தவும் ஒரு பெண்கள் சங்கம் இருந்தது. பேசுவதற்கு ஒரு சட்டமன்றம் இருந்தது. குறுக்கே நிற்காத கணவர் இருந்தார்.

அவையில் கூடுவதும், கூடி முடிவெடுத்ததை நடத்திக்காட்டுவதும் இந்த ஊருக்குத் தெரியாதவை அல்ல. சோழர் காலத்தில் இந்த மலையடியில் தெலுங்ககுலகாலபுரம் என்ற பெயரில் வணிகர்களின் நகரம் இருந்ததைக் கடம்பர்மலைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே காலத்துத் தமிழ் வணிகர்கள், திசையாயிரத்து ஐந்நூற்றுவர், சுமத்ராத் தீவின் பாருஸ் துறையில் கூடி, வரும் கப்பல்காரர்கள் செலுத்த வேண்டிய பொன் இவ்வளவு என்று முடிவுசெய்து, 1088இல் அதைத் தமிழில் கல்லில் வெட்டிவைத்தார்கள். அயல்மண்ணில் கூடிய அவைதான் அதுவும். அங்கே பேசியதை யார், எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதுவரை எழுதிவைத்தார்கள்.

நம் காலத்துக்கு அருகே இன்னொன்று. 1964இல் டெல்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞர்களைக் கூட்டி, தனிநாயகம் அடிகள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கவைத்தார். இரண்டே ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. அதைத் தொடர்ந்த முயற்சிகளில்தான் தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் எழுந்தது. பெரிய மாநாட்டின் ஓரத்தில் சிலர் கூடி, அடுத்த வேலை என்ன என்று கேட்டதால் வந்தவை இவை.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் வைக்க இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன். இந்த வைப்புநிதியின் வட்டியிலிருந்து வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகும் மாணவிக்குப் பயணச்செலவு தருவது பற்றி நீங்கள் ஆலோசித்து வருவதாக அறிந்தேன். மிக நல்லது. ஆனால் பயணச்செலவு தர வேறு இடங்களும் இருக்கின்றன. மாநாடு நடத்துவோரே சிலருக்குத் தருகிறார்கள். யாரும் தராதது திரும்பிவந்த பிறகான ஓராண்டுக்கான உதவி. அதை நீங்கள் கொடுங்கள். போவதற்கு முன் அந்தப் பெண் தான் எடுத்துச்செல்லும் கேள்வி என்ன என்று இந்த அவையில் வந்து சொல்லட்டும். நம் குளங்களில் ஏன் நீர் நிற்பதில்லை, கல்குவாரித் தூசு நம் நெஞ்சை என்ன செய்கிறது, பத்தாம் வகுப்போடு ஏன் நம் பெண்கள் நின்றுவிடுகிறார்கள், எதுவாக இருந்தாலும் அவளுடைய கேள்வியாக இருக்கட்டும். திரும்பியபின் அந்த ஓராண்டு அவள் இங்கே வேலை செய்யத் தேவையான பேருந்துச் செலவு, இணைய வசதி, மாதம் ஒருமுறை கூடிக் கேட்க ஐந்து பெரியவர்கள், உட்கார ஓர் அறை. அவ்வளவுதான் கேட்கிறேன். அந்த ஐவரில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் அவள் எழுதும் அறிக்கையை, அது தோல்வியைச் சொல்லும் அறிக்கையாக இருந்தாலும், இந்தச் சொற்பொழிவு போலவே அச்சிட்டு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். முதல் ஆண்டுக்கான ஐவரில் ஒருவராக இருக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.